போண்டாச் சட்டியில சிக்குன சத்தம்

ஜெட் இஞ்சின ஓடவிட்டுப் பாக்குற ஷெட்டுல லூர்தம்மான்னு ஒரு வெல்டரு. பத்தவச்சாலும் பொறி பறக்கும், வாயத் தொறந்தாலும் பொறி பறக்கும். அங்க பெரிய இஞ்சினியரு வேதாசலம். அவரு பேச ஆரம்பிச்சா இஞ்சினே வெக்கப்படும்.

இஞ்சின் போடுற எரைச்சல் தாங்காம ஊரே மனு குடுத்துருச்சு. வேதாசலம் பொகை வர்ற குழாய் வாய்ல ஒரு மைக்க வச்சுப் பாத்தாரு.

"சத்தம் இங்கதான். இந்தக் குழாய்ல உன் வெல்டிங் சரியில்ல. இல்லேன்னா வேற எங்கேருந்து வருதுன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டு. காட்டலேன்னா கேட் பாஸக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ!"

"ஒரே எடத்துல மைக்க வச்சா அது அந்த எடத்துக் கதையத்தானய்யா சொல்லும்?"ன்னுட்டு, லூர்தம்மா கேண்டீன்ல போய் போண்டாச் சட்டியத் தூக்கிட்டு வந்தா.

"என்ன, போண்டா போடப்போறியா?"

"சத்தத்தப் பொரிக்கப்போறேன்யா."

சட்டிக்குழிக்கு நேரா மைக்கக் கட்டி, தள்ளுவண்டியில நிமுத்தி, குழாய்க்குப் பக்கவாட்டுல வச்சா. நேரெதுக்க வர்ற சத்தத்தச் சட்டி அள்ளிக் குவிக்கும். இஞ்சின ஓடவிட்டாங்க. குழாய் வாய்க்கு நேரா, மைக்கோட சேந்த மீட்டர்ல முள்ளு பாதிதான் ஏறுச்சு. பொகை போற பக்கமா வண்டியத் தள்ளத் தள்ள ஏறிக்கிட்டே போயி, பத்தடி தள்ளி உச்சியில முட்டுச்சு.

இஞ்சின நிறுத்துனதும் வேதாசலம் கத்துனாரு: "அங்கதான் ஒண்ணுமே இல்லியே! வெறும் காத்து!"

"ஆமாய்யா. பாய்ஞ்சு வர்ற காத்தும் சும்மா நிக்கிற காத்தும் கட்டிப் பொரளுற எடம் அதான். என் வெல்டிங் பத்தடி முன்னாலயே முடிஞ்சிருச்சு. பாஸ அந்தக் காத்துக்கிட்டயே வாங்கிக்கோங்க."