நண்பகலில் முகம் மூடும் மலை

கடலும் மலையும் பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது தென்கடலின் நடுவில், வேறு கரை எதுவும் கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஒரு தீவு இருந்தது. தீவு என்றால் ஒரு மலைதான். கடலுக்குள் கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கும் மலை. பாதத்தைச் சுற்றி வெள்ளை மணல், முழங்கால்வரை தென்னையும் புன்னையும், மடியில் அடர்ந்த காடு. அதற்கும் மேலே தாமரை மொட்டுப்போலக் குவிந்த ஒரு சிகரம்.

மேற்குக் கரையில் மீன்பிடிக்கிறவர்களின் குப்பம் இருந்தது. அவர்கள் மலையைப் பெரியப்பா என்று அழைத்தார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்கெல்லாம் மூத்தவர், அதனால் அந்த முறை. பெரியப்பாவின் வயிற்றில் நெருப்பு இருப்பது எல்லாருக்கும் தெரியும். சில நாள் காலையில் உச்சியிலிருந்து நூல்போலப் புகை எழும். "பெரியப்பா எழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான்.

கடலில் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பிப் பார்த்தால் அந்த மொட்டு அடிவானத்தில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே தோணியைத் திருப்பினால் வீடு வந்து சேரும்.

அந்தக் குப்பத்தில் தாழை என்று ஒருத்தி இருந்தாள். பாறைகளில் சிப்பி எடுப்பது அவள் வேலை. அவள் கணவன் திமிலன். ஓர் ஆண்டு கரைப்பக்கம் மீன் அற்றுப்போயிற்று. குப்பத்து ஆண்கள் மூன்று தோணிகளில் ஏறித் தூரத்துப் பாறைத்திட்டுக்குப் புறப்பட்டார்கள். அங்கேயே தங்கி, மீன்பிடித்து, காயவைத்து, காற்று திரும்பும்போது வீடு திரும்புவதாக ஏற்பாடு.

"அவ்வளவு தூரம் போனதில்லையே. வழி தெரியுமா?" என்று தாழை கேட்டாள்.

"வழி எதற்கு? அவர்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாரே" என்று திமிலன் மலையைக் காட்டிவிட்டுத் தோணியின் பாயை விரித்தான்.

அவர்கள் போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு பகலில், தரை நடுங்கியது. பானைகள் உருண்டன. நாய்கள் கடலுக்குள் ஓடின. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். சிகரம் மொட்டு அவிழ்வதுபோல அவிழ்ந்தது. உள்ளிருந்து நெருப்பு வழிந்தது. அது மேற்கே, குப்பத்தை நோக்கித்தான் வந்தது.

அப்போது ஒன்று நடந்தது. உறங்குகிறவர் ஒருக்களித்துப் படுப்பதுபோல மலை மெல்லப் புரண்டது. நெருப்பு ஒரு கணம் தயங்கி, திசை மாறி, கிழக்குச் சரிவில் இறங்கியது. காட்டின் வழியாகக் கடலுக்குப் போய்ச் சீறி அடங்கியது. கிழக்கே இருந்த வெள்ளை மணல் கறுத்துப்போயிற்று. குப்பத்துக் கூரைகளில் சாம்பல் மட்டும் பூவாக உதிர்ந்தது.

"நல்ல காலம், தப்பித்தோம்" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் கூரைகளைத் தட்டிச் சுத்தம் செய்தார்கள்.

கிழக்குக் காடு பச்சைப்புறாக்களின் காடு. அது குஞ்சு பொரிக்கும் பருவம். பறக்கத் தெரிந்தவை பறந்து தப்பின.

அதற்குப் பிறகு தினமும் நண்பகலில் ஒரு பெண்புறா வந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே கரிந்து நின்ற மரம் ஒன்றில் அமர்ந்து, வெயில் சாயும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சொல் சொல்லாது. பிறகு போய்விடும். மலைக்குத் தலை உடைந்த வலியைத் தாங்க முடிந்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

கொண்டல் என்று ஒரு மேகம் அந்தக் கடல்மேல் திரிந்துகொண்டிருந்தாள். எங்கேயும் தங்கமாட்டாள். ஒரு நாள் அவள் கடந்து போகையில் மலை கூப்பிட்டது.

"கொஞ்சம் நில்லம்மா. என்னை மூடிக்கொள்."

"நான் நின்றால் அழுதுவிடுவேன் அண்ணா. என் பிறப்பு அப்படி."

"அழு. எனக்கும் அழ வேண்டும்போல்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு நெருப்புதான் வருகிறது."

கொண்டல் நின்றாள். மலையின் தலையிலிருந்து பாதம்வரை வெள்ளையாக இறங்கி, கடலின்மேலும் கொஞ்சம் படர்ந்து, அப்படியே தங்கிவிட்டாள்.

தீவில் நிழல் என்பதே இல்லாமல் போயிற்று. காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு தெரியவில்லை. எங்கும் சொட்டுச் சொட்டாக ஓசை. உடைந்த உச்சியின் பள்ளத்தில் நீர் நிறைந்து பச்சை நிற ஏரியாயிற்று. ஏரி வழிந்து பாறை முகப்பிலிருந்து வெள்ளைக் கயிறாக விழுந்தது. மண்ணுக்குள் இறங்கிய நீர் மலையின் வயிற்று நெருப்பைத் தொட்டுவிட்டு, கீழே சுனையாகக் கொதித்து வந்தது. பெரணிச் செடிகள் மர உயரத்துக்கு வளர்ந்தன. நத்தைகள் பகலிலேயே வாசல்களில் ஊர்ந்தன. பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் குரலை வைத்தே விளையாடினார்கள். குப்பத்துப் பெண்கள் நிறையத் தூங்கினார்கள். எழுந்து கனவுகளைச் சொல்லிக்கொண்டபோது எல்லாரும் ஒரே கனவைக் கண்டிருந்தார்கள். முதலில் அந்தக் குளிர்ச்சி எல்லாருக்கும் பிடித்திருந்தது.

பிறகு காற்று திரும்பியது. கடலிலிருந்து கரையை நோக்கி வீசத் தொடங்கியது. தோணிகள் வர வேண்டிய காற்று.

தோணிகள் வரவில்லை. தாழை முழங்கால் நீரில் நின்று கணவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் சற்றுத் தூரம் போய் நனைந்து திரும்பியது. தென்னோலைகளைக் குவித்துத் தீ மூட்டினாள். பத்தடிக்கு அப்பால் அந்தத் தீயையே காணோம்.

ஒரு காலையில் கடலாலாப் பறவை ஒன்று இறக்கை தளர்ந்து அவள் காலடியில் வந்து விழுந்தது.

"மூன்று தோணிகள்" என்றது அது, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. குடிக்கத் தண்ணீர் பானையின் அடியில்தான் இருக்கிறது. வழி சொல்லலாம் என்றால் எனக்கே வழி தெரியவில்லை. அலைச்சத்தத்தை வைத்துத் தடவித் தடவி வந்தேன்."

தாழை ஈரப் புடவையைப் பிழிந்து இழுத்துச் செருகிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பவளாத்தி அவள் கையைப் பிடித்தாள். பவளாத்தியின் மகனும் அந்தத் தோணிகளில்தான் இருந்தான்.

"மேலேயா போகிறாய்? பெரியப்பா துக்கத்தில் இருக்கிறார். துக்க வீட்டில் போய் எதைக் கேட்பாய்?"

"இத்தனை நாளாய் நாம் ஒருவரும் துக்கம் கேட்கப் போகவில்லையே அத்தை" என்றாள் தாழை. பவளாத்தி கையை விட்டுவிட்டாள்.

கண் உதவாத வழி அது. காதும் காலும்தான் வழி சொல்லின. நீர் விழும் ஓசை பெரிதானபோது பாறை முகப்புக்கு வந்துவிட்டதை அறிந்தாள். பாதம் சுட்டபோது வெந்நீர்ச் சுனையைத் தாண்டினாள். நெருப்பு ஓடிக் காலியான குகை ஒன்று மலைக்குள் நீண்டு கிடந்தது. அதற்குள் நுழைந்து, வழவழத்த சுவரைத் தடவிக்கொண்டே ஏறினாள். வெளியே வந்தபோது காலடியில் கருங்கற்கள் கண்ணாடித் துண்டுகளாக நொறுங்கின. பிறகு எதுவும் நொறுங்கவில்லை. எதிரில் பச்சை ஏரி அசையாமல் கிடந்தது.

"யார் அது?" என்றது மலை.

"தாழை. மேற்குக் குப்பம்."

"குப்பத்தில் எல்லாரும் நலமா?"

"நலம்தான்."

"அது போதும். இறங்கிப் போ, மகளே."

தாழை போகவில்லை. துக்க வீட்டில் உட்காருவதுபோலத் தலையைக் குனிந்து, ஒன்றும் பேசாமல், ஏரிக்கரையில் உட்கார்ந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் கடலில் இருக்கிறார். இன்னும் பலர் இருக்கிறார்கள். உங்களைத்தான் தேடுகிறார்கள்."

"அவர்கள் தேடுவது சிகரம் இருந்த மலையை. என்னைப் பார்த்தால் அடையாளம் தெரியாது."

"தலைமுடி கொட்டினால் சொந்தப் பெரியப்பாவை மறந்துவிடுவார்களா?"

மலை சிரிக்கவில்லை. ஏரியில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது.

"கேள், மகளே. நெருப்பு உங்கள் பக்கம்தான் வந்தது. நான் புரண்டேன். யோசிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நேரம் இருந்தது. உங்கள் பக்கம் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கமும் கேட்டது. நான்தான் ஒரு பக்கத்தைத் தேர்ந்தேன். அந்தப் பக்கத்துப் பெண்புறா ஒருத்தி தினமும் வந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூடிக்கொண்ட பிறகும் வருகிறாள். இறக்கைச் சத்தம் கேட்கிறது."

தாழைக்குக் கூரையில் உதிர்ந்த சாம்பலைத் துடைப்பத்தால் தட்டியது நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் வெள்ளைக்குள் இறக்கை அடிக்கும் ஓசை கேட்டது. தாழை எழுந்து ஓசை வந்த பக்கம் கற்களைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கரிந்த மரம் கைக்குத் தட்டுப்பட்டது. மேலே ஒரு கிளையில் பச்சையாக ஏதோ அமர்ந்திருந்தது.

"அக்கா" என்றாள் தாழை. "எங்களுக்கு வர வேண்டிய நெருப்பு உங்களுக்கு வந்துவிட்டது. எனக்கு இப்போதுதான் தெரியும்."

"எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றது புறா.

"அதைத்தான் தினமும் வந்து பெரியப்பாவிடம் கேட்கிறீர்களா?"

புறா கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

"யாரிடம் கேட்கிறேன்? இது என் மரம். நான் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிளையில்தான் கூடு இருந்தது. இரை தேடிக்கொண்டு இந்த நேரத்துக்குத்தான் திரும்புவேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் இரண்டும். இப்போதும் இந்த நேரமானால் இறக்கை தானாக இங்கே வந்துவிடுகிறது. வேறெங்கே போய் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை."

"பெரியப்பாமேல் கோபம் இல்லையா?"

"இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும். அதைக் கொட்டுவதற்கு நான் இவ்வளவு தூரம் பறந்து வரவில்லை."

கிளை நுனிகளிலிருந்து நீர் சொட்டியது. பிறகு புறா கேட்டது.

"நீ எதற்கு இங்கே வந்தாய்?"

"எங்கள் ஆண்கள் கடலில் வழி தெரியாமல் சுற்றுகிறார்கள், அக்கா. மலை தெரிந்தால் வந்துவிடுவார்கள்."

புறா கிளையில் நகர்ந்து மலையின் உடைந்த உச்சி இருந்த பக்கம் திரும்பியது. நெருப்பு நாளுக்குப் பிறகு முதல்முறையாக மலையிடம் பேசியது.

"திரும்பி வருகிறவர்களுக்கு வழியை மறைக்காதே. நான் திரும்பி வந்தபோது கூடு இல்லை. அவர்களுக்கு வீடு இருக்கிறது. போகட்டும்."

ஏரி நீர் கரையை மெல்ல மோதிக்கொண்டே இருந்தது. தாழை புறாவின் மரத்தடியிலேயே சுருண்டு, தன்னையறியாமல் உறங்கிப்போனாள். விழித்தபோது அவள் கன்னத்தில் வெயில் இருந்தது.

விடிந்திருந்தது. கொண்டல் விலகிக் கடலோரமாய் ஒதுங்கிப்போயிருந்தாள். உடைந்த தலை, கரிந்த சரிவு, கறுத்த கரை என்று எதையும் மறைக்காமல் மலை இளவெயிலில் உட்கார்ந்திருந்தது.

தாழை இறங்கிக் கரைக்கு வரும்போதே மூன்று பாய்கள் தெரிந்தன. கடற்காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்தது. திமிலன் உதடு வெடித்து, கண் குழிந்து, இறங்கத் தெம்பில்லாமல் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு மலையைப் பார்த்தான்.

"தோணியில் பெரிய சண்டை" என்றான். "இது வேறு தீவு, போக வேண்டாம் என்றார்கள் சிலர். எனக்கும் முதலில் சந்தேகம்தான். அவர் இப்படி இருந்ததில்லையே. அப்புறம் பார்த்தேன், தாழை. யாரோ நமக்காக எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. வேறு தீவு எதற்கு நமக்காக எழுந்து நிற்கப்போகிறது?"

பவளாத்தி மகனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கடைசித் தோணியையும் மணலில் இழுத்துப் போட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

மேலே மலை கொண்டலைக் கூப்பிட்டது.

"இப்போது வாம்மா."

"மறுபடியும் ஒளிந்துகொள்ளப் போகிறாயா அண்ணா?"

"இல்லை. அவள் வருகிற நேரம் இது. அவள் துக்கத்தை ஊரெல்லாம் நிமிர்ந்து பார்க்க வேண்டாம். ஒரு திரை வேண்டும்."

கொண்டல் சரிவில் ஏறிப்போய் மெல்லப் படர்ந்தாள்.

மறுநாள் குப்பத்து மக்கள் எல்லாரும் அத்திப்பழங்களை மடியில் கட்டிக்கொண்டு மேலே போய், கரிந்த மரத்தடியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள். புறா அவற்றைத் தொட்டதா என்று யாரும் நின்று பார்க்கவில்லை.

அந்தத் தீவுக்கு இன்றும் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கறுத்த மணலில் நடக்கிறார்கள், வெந்நீர்ச் சுனையில் கால் நனைக்கிறார்கள், அருவியின் கீழே நின்று நனைகிறார்கள். மலையின் முகத்தையும் பச்சை ஏரியையும் காண வேண்டுமென்றால் விடியலிலேயே ஏறிவிடச் சொல்வார்கள் உள்ளூர்க்காரர்கள். தூங்கி எழுந்து தாமதமாய் வருகிறவர்கள் மேகத்தைப் பார்த்து முணுமுணுப்பார்கள். "கொஞ்சம் பொறுங்கள், பெரியப்பாவிடம் ஆள் வந்திருக்கிறது" என்று அவர்களிடம் சொல்வது வழக்கம். கடற்காற்றில் தோணிகள் கரையேறி முடித்த பின்பே மேகம் மலையேறுவதும், நண்பகலில் அந்த மலை முகத்தை மூடிக்கொள்வதும், அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு புறாவின் குரல் கேட்பதும் தாழை மலையேறிய அந்த நாள் முதல்தான்.