ஊரைக் காலி செய்த தேரோட்டம்

முன்னொரு காலத்திலே செம்பனை நாட்டை மாறவேல் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் வந்து பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதம். பசி வந்துவிட்டாலோ அந்த வேதமும் கிடையாது.

ஒரு நாள் ராஜாவின் பல்லக்கு சந்தைத் தெருவில் மாட்டிக்கொண்டது. தெரு கொள்ளாத கூட்டம். அரண்மனைக்கு வந்து சேர்வதற்குள் சாப்பாடு ஆறிப்போய்விட்டது. சபையில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். "எங்கே பார்த்தாலும் தலை. இவ்வளவு ஜனங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?"

களஞ்சிய அதிகாரி ஏகம்பர் இதற்காகவே காத்திருந்தவர். மந்திரி எயினனாரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ராஜா மந்திரியின் பேச்சுக்கு மட்டும் சிரிக்கிறாரே என்ற பொறாமை. இன்றைக்கு முந்திக்கொண்டார்.

"மகாராஜா, இவர்கள் ஜனங்களா? வெறும் வாய்கள். வேலை பழகுகிறவர்களுக்குச் சோறு போட்டு மாளவில்லை என்றுதான் நம் தொழிற்பட்டறைகளையே மூடினேன். நிலமும் கடையும் இல்லாதவர்களை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள முள்ளுக்காட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தெருவும் காலியாகும், களஞ்சியமும் நிறையும்."

"அங்கே ஒரு பிடி கீரைகூட முளைக்காதே" என்றார் எயினனார்.

"அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவரும் கூடவே போகலாம்" என்றார் ராஜா.

எயினனார் சட்டென்று கும்பிட்டார். "நான் எங்கே மறுத்தேன், மகாராஜா? சீக்கிரமாகவே செய்வோம் என்கிறேன். நாளைக்கு அம்மன் தேரோட்டம். காலையிலேயே அவர்களை அக்கரைக்கு அனுப்பி ஒத்திகை பார்ப்போம். நெரிசல் இல்லாத தெருவில் தாங்கள் காற்று வாங்கிக்கொண்டு நடக்கலாம். பிடித்திருந்தால் அவர்கள் அங்கேயே இருக்கட்டும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். மந்திரிக்கும் புத்தி வந்துவிட்டதே என்று ஏகம்பர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் ஓடங்கள் நிறைந்தன. களத்தில் நெல் தூற்றும் கோமளை ஐந்து பிள்ளைகளோடு நின்றாள். "ஆறு வாய். முதல் ஓடத்தில் ஏற்று" என்றார் ஏகம்பர். அவள் மந்திரியைப் பார்த்தாள். "சாமி, எங்க பொழப்பெல்லாம் இங்கதானே இருக்கு. அந்தக் காட்டுல புள்ளைங்களுக்கு எதைக் குடுப்பேன்?"

"சாயங்காலம் வரை பொறுத்துக்கொள், தாயே" என்றார் எயினனார். சொன்னாரே ஒழிய, அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

செம்பனை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் தேரை மனிதக் கைதான் இழுக்க வேண்டும். தேர் ஊரைச் சுற்றி நிலைக்கு வந்து சேரும்வரை ராஜாவின் பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது.

காலியான தெருவைப் பார்த்து ராஜா பூரித்துப்போனார். "ஆகா, என்ன விசாலம். ம், வடம் பிடியுங்கள்."

பிடிக்க யார் இருக்கிறார்கள்? பட்டு வேட்டியும் சரிகைத் துண்டுமாகப் பெரிய மனிதர்கள் நின்றார்கள். வேறு வழியில்லாமல் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இழுத்தார்கள். வடம்தான் விறைத்தது, தேர் அசையவில்லை. ஏகம்பரின் உள்ளங்கை கொப்பளித்தது. "யானையைக் கட்டினால் என்ன?" என்று மெல்லக் கேட்டுப்பார்த்தார். குருக்கள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

உச்சிப்பொழுது ஆயிற்று. "எயினனாரே, கண்ணை இருட்டுகிறது. ஏதாவது செய்யும்" என்றார் ராஜா.

"ஆள் போதவில்லை, மகாராஜா."

"அக்கரையில்தான் அத்தனை ஆள் இருக்கிறதே."

"அங்கே ஆள் ஏது? வாய்கள்தான் இருப்பதாக ஏகம்பர் சொன்னார். வாய் எப்படி வடம் பிடிக்கும்?"

ராஜா ஏகம்பரைத் திரும்பிப் பார்த்தார். "நீரே போய்க் கும்பிட்டு அழைத்து வாரும்."

ஜனங்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, தேர் கடகடவென்று ஓடி ஏகம்பர் வீட்டுப் பந்தலைச் சாய்த்துவிட்டு நின்றது.

"பார்த்தீர்களா, கூட்டம் என்றாலே இப்படித்தான்" என்று அலறினார் ஏகம்பர்.

"கூட்டத்தின்மேல் பழி போடாதீர்" என்றார் எயினனார். "சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தது நம் தச்சுப் பட்டறைதான். அதைப் பூட்டியது நீர். இங்கே கைக்குப் பஞ்சமில்லை, பழக்கம்தான் இல்லை. பழக்கினால் தேரும் ஓடும், நாடும் ஓடும்."

பட்டறையில் பழகிய தச்சர்கள் கூட்டத்தில் சிலர் இருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு, கட்டை போடும் விதத்தை அங்கேயே காட்டிக்கொடுத்தார்கள். வடத்தின் முன்னால் கோமளை போய் நின்றாள். களத்தில் பாடிப் பாடி உரமேறிய குரல் அவளுக்கு. "நான் குரல் குடுத்தா இழுங்க. நிறுத்தினா நிறுத்துங்க" என்றாள். அவள் குரலுக்குத் தேர் அசைந்தது, திரும்பியது, பொழுது சாய்வதற்குள் நிலைக்கு வந்து சேர்ந்தது. எயினனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

இலை முன்னால் உட்கார்ந்ததும் ராஜா தீர்ப்புச் சொன்னார். "யாரும் எங்கேயும் போக வேண்டாம். நாளைக்கே பட்டறைகள் திறக்கட்டும். பழக வருகிறவர்களுக்குச் சோறு நம் களஞ்சியத்திலிருந்து. கோமளைதான் இனித் தேர்வடத்துக்குத் தலைவி. மந்திரிக்கு என் முத்துமாலை. ஏகம்பரே, வடம் பிடித்தவர்களுக்கெல்லாம் இன்றைக்கு இங்கே பந்தி, நீர்தான் பரிமாற வேண்டும். என்ன வேலை தெரியும், என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுச் சோறு போடும்."

முதுகைப் பிடித்துக்கொண்டு ஏகம்பர் ஒவ்வொரு இலையாகக் குனிந்தார். கோமளை முறை வந்தது.

"உனக்கு... உங்களுக்கு என்ன வேலை தெரியும், அம்மா?"

"நெல்லு தூத்துவேன், குரல் குடுப்பேன். என் மூத்தவளுக்குத் தச்சு வேலை கத்துக்க ஆசை. உங்களுக்கு என்ன வேலைங்க தெரியும்?"

ஏகம்பர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "இன்றைக்குத்தான் தாயே, வடம் இழுக்கப் பழகினேன்" என்றார்.

கோமளை அவர் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தாள். "இது வடம் பிடிக்கத் தெரியாத கைங்க. காலையில வாங்க, சொல்லித் தாரேன்" என்றாள்.

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.