டேப்லெட்டின் காலி மூலை

பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. குருவுக்குப் பேச்சு போனது, வலது கையும் போனது. மடியில் ஒரு டேப்லெட். இடது விரலால் படத்தைத் தொட்டால் அது பேசும்: தண்ணீர், சோறு, வலி, ஆசி, ஆம்.

"பெண்கள் விடுதியை மூட குரு சம்மதிச்சுட்டார்" என்று மடத்துச் செயலாளர் கனகசபை அறிவித்ததும், சீடர் பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விடுதியைத் திறந்தவரே குருதான். பத்தொன்பது பெண்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி கட்ட வேண்டுமாம்.

"ஆம்னு சொன்னாரா?"

"மறுப்பு சொல்லலையேம்மா."

"அது சம்மதமா?"

"குருவையே சந்தேகப்படறியா?"

"உங்களை. அந்தக் கருவியை. அதில படம் ஏத்தின இவங்களையும்."

பேச்சுப் பயிற்சி தர வரும் மெகருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். "சந்தேகப்படுங்க. தப்பில்லை."

பொற்கொடி குருவின் எதிரே உட்கார்ந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஐயா, இப்போ மழை பெய்யுதா?"

குரு தலையை ஆட்டினார். நம்மூர்த் தலையாட்டல், அவரவர் இஷ்டத்துக்குப் படித்துக்கொள்ளலாம். பிறகு அவர் விரல் எல்லாப் படங்களையும் தாண்டிக் கீழ் மூலைக்குப் போனது. அங்கே படமே கிடையாது. தட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடியும் அதே இடத்தில் தட்டினார்.

"விடுதியைப் பத்திக் கேட்ட அன்னிக்கும் இப்படித்தான்" என்றார் கனகசபை. "பாவம், நினைவு தப்பிடுச்சு."

பொற்கொடி அந்த விரலையே பார்த்தாள்.

"மெகருன்னிசா, அந்த இடத்தில முன்னாடி என்ன இருந்துச்சு?"

"'இல்லை'. ரெண்டு வாரம் பழகினார். சார்தான் எடுக்கச் சொன்னார்."

"பின்னே?" கனகசபை நிஜமாகவே பதறினார். "இந்த மடத்துல அரிசி தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். குருகிட்டேருந்து அந்தச் சொல் வரலாமா?"

"திரும்ப வைங்க."

மெகருன்னிசா வைத்தாள்.

"ஐயா, மழை பெய்யுதா?"

"இல்லை" என்றது கருவி.

"குருட்டாம்போக்குல பட்டிருக்கும்" என்றார் கனகசபை.

"நான் வாதாடியே ஆளைக் கொல்றவளா?"

"ஆம்."

மெகருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. குருவின் பக்கம் இன்னும் குனிந்தாள்.

"விடுதியை மூடலாமா ஐயா?"

"இல்லை. இல்லை. இல்லை."

பொற்கொடியின் கண்கள் பொங்கின.

"இனி இங்கே ஒருத்தரையும் நம்பறதா இல்லை. ஐயா, இந்தக் கருவி இனிமே என்கிட்டயே இருக்கட்டும். யார் எது கேட்டாலும் என் மூலமா கேட்கட்டும். உங்களுக்காக நான் பேசறேன். சரிதானே?"

எடுக்கக் கையை நீட்டினாள்.

குரு இடது கையால் டேப்லெட்டைத் தன் வயிற்றோடு இழுத்துக்கொண்டார். அவளைப் பார்த்தபடியே, விரலை அந்த மூலைக்குக் கொண்டுபோனார்.

"இல்லை."