செவலி கட்டிய சவுரி

பொய்கைக் கரையில் செவலி என்றொரு மட்டக்குதிரை இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பிடரி முடி மட்டும் குட்டை. பதினைந்து நாளில் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அதற்கு ஒரே கவலை.

முட்புதர்களில் சிக்கிக் கிடந்த குதிரை வால்முடியைப் பொறுக்கிக்கொண்டு நேரே தூக்கணாங்குருவியிடம் போனது. முடிச்சுப் போடுவதில் அந்தக் குருவியை அடிக்க ஆளில்லை.

"அண்ணே, இதை வைத்து எனக்குச் சவுரி கட்டிவிடு. கல்யாணம் முடிகிற வரை அவிழவே கூடாது."

"என் முடிச்சா அவிழும்? போன ஆடிக் காற்றில் கிளையே முறிந்தது, கூடு அவிழவில்லை" என்றது குருவி.

பெருமை பேசியதோடு விட்டதா? தோலை ஒட்டி, கொத்துக் கொத்தாக இழுத்துக் கட்டியது. செவலிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் பொய்கையில் எட்டிப் பார்த்தால் பிடரி முழங்கால் வரை தொங்குகிறது! வலி மறந்துபோயிற்று.

மறுநாள் வலி திரும்பி வந்தது. தூங்கினாலும் சவுரியோடு, குளித்தாலும் சவுரியோடு. அடியில் ஈரம் காயாமல் அரித்தது. மரத்தில் தேய்த்துக்கொண்டால் சவுரி கலைந்துவிடும். "கல்யாணம் வரைக்கும்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது அந்தப் பைத்தியம்.

ஐந்தாம் நாள் உண்ணி எடுக்க வந்த மந்தி, பிடரியை விலக்கிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"அடிப்பாவி, தோலெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறதே. இதோ பார், உன் சொந்த முடி வேரோடு வருகிறது. இப்படியே விட்டால் மொட்டைப் பிடரியோடுதான் கல்யாணத்தில் நிற்பாய்."

செவலி ஓவென்று அழுதது. குருவிக்குச் சொல்லியனுப்பினார்கள்.

"என் கட்டில் என்ன குறை?" என்று விறைப்பாக வந்த குருவி, புண்ணைப் பார்த்ததும் சிறகை ஒடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது.

"வலிக்கிறது என்று எந்தக் கிளையும் என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில் கட்டிவிட்டேன். நீயாவது சொல்லக்கூடாதா, தங்கச்சி?"

"சொன்னால் அவிழ்த்துவிடுவாயே என்றுதான் சொல்லவில்லை."

ஒவ்வொரு முடிச்சாகப் பிரிக்க அரைநாள் ஆயிற்று. மந்தி புண்ணைக் கழுவி, வெயிலில் காயவைத்தது. பத்து நாள் பிடரியை யாரும் தொடவில்லை.

கல்யாணத்தன்று காலையில் குருவி தானாகவே வந்தது. புண்ணிருந்த இடத்தை விட்டுவிட்டு, தோலுக்குச் சற்றுத் தள்ளி, நாலே நாலு மெல்லிய இழைகளைத் தொளதொளவென்று கட்டியது. ஒவ்வொரு முடிச்சுக்கும் "இழுக்கிறதா?" என்று கேட்டது.

"ஆடி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். அதோடு படுத்தாயோ, பார்" என்றது மந்தி.

செவலி ஆடிய ஆட்டத்தில் ஓர் இழை நழுவி, மாப்பிள்ளையின் அம்மா காலடியிலேயே விழுந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"அது ஒட்டுமுடி, அத்தை. இன்னும் மூன்று இருக்கிறது. மிச்சமெல்லாம் என்னுடையதுதான்" என்றது செவலி.

அந்த அம்மா இழையை எடுத்துத் தன் பிடரியில் வைத்துப் பார்த்தாள். "இதைக் கட்டினவரிடம் எனக்கும் இரண்டு கட்டிவிடச் சொல்லேன். வலிக்காமல் கட்டுவாரா?"

"இப்போது வலிக்காமல் கட்டுவார், அத்தை."

ஒட்டுமுடி வைத்துக்கொள்வது தப்பில்லை. வலித்த நிமிடமே வாய்திறந்து சொல்லி அவிழ்க்கிறவர்களுக்குத்தான் சொந்த முடி நிலைக்கும்.