பரிசீலனையில் இருக்குதுங்க

அஞ்சு வருஷப் பதவி முடியப்போகிற நேரத்தில்தான், ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஊர் இருப்பது எம்.எல்.ஏ.வுக்கு ஞாபகம் வந்தது. ஓட்டுக் கேட்கப் பரிசலில் ஏறினார். பாலம் கேட்டு அந்த ஊர் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் அவர் தந்த பதில் ஒன்றுதான்: "பரிசீலனையில் இருக்கிறது."

நட்டாற்றில் பரிசல்காரர் சிக்கண்ணன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பரிசல் சுழன்றது.

"யோவ், சட்டசபையில இருநூத்தி முப்பத்திநாலு பேர்ல நான் ஒருத்தன்! எப்பய்யா கரைக்குப் போகும்?"

"பரிசீலனையில இருக்குதுங்க."

தண்ணீர் உள்ளே தெறித்தது. எம்.எல்.ஏ. அலறினார்: "எனக்கு நீச்சல் தெரியாதுய்யா!"

சிக்கண்ணன் துடுப்பை எடுத்துக் கரையை நோக்கி வலிக்கத் தொடங்கினார்.

"பள்ளிக்கூடம் போகையில இதே இடத்துல முழுகிப்போன எம் புள்ளைக்கும் தெரியாதுங்க."