தேவதாருக் கட்டைக்குள் எறும்புகள்

பனிமலைச் சரிவில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு ஞானசுந்தரி அம்மையார் குரு. வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர்களில் மூத்தவரான திருவேங்கடம் அவரைவிட இருபது வயது பெரியவர். தென்காசிப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, எட்டு வருடத்துக்கு முன்பு மலையேறி வந்தவர்.

ஐப்பசியில் அவருடைய மகள் இறந்துபோன செய்தி வந்தது. போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்தவருக்கு அழுகை வரவில்லை. ஜபத்துக்கு உட்கார்ந்தால் நாக்கு எழவில்லை. வழிபாட்டில் கதவோரமாக ஒதுங்கி உட்கார ஆரம்பித்தவர், நாளடைவில் வருவதையே விட்டுவிட்டார்.

மார்கழியில் ஒரு காலை, குரு விறகு பிளந்துகொண்டிருந்தார். திருவேங்கடம் துணிமூட்டையோடு வந்து நின்றார்.

"நான் புறப்படுகிறேன் அம்மா."

"எங்கே? பாதையெல்லாம் பனி மூடிக் கிடக்கிறதே."

"எங்கேயாவது. எல்லோரும் தவம் செய்கிற இடத்தில் நான் சும்மா கிடக்கிறேன். தட்டில் சோறு விழும்போது கூச்சமாக இருக்கிறது. எனக்குள்ளே எல்லாம் செத்துவிட்டது."

குரு பாதி உளுத்திருந்த ஒரு தேவதாருக் கட்டையை நிமிர்த்தி வைத்துக் கோடரியை இறக்கினார். கட்டை இரண்டாகப் பிளந்தது.

உள்ளே ஒரு பொந்து. அதில் கைப்பிடியளவு கறுப்பு எறும்புகள், ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"பாவம், குளிரில் செத்துவிட்டன" என்றார் திருவேங்கடம்.

குரு ஓர் எறும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கையைக் குவித்து மெல்ல ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து ஒரு கால் அசைந்தது.

திருவேங்கடம் மூட்டையைக் கீழே போட்டார். குனிந்து கட்டையை அள்ளினார்.

"அடுப்படிக்குக் கொண்டுபோகிறேன் அம்மா. எல்லாம் பிழைத்துக்கொள்ளும்."

"வேண்டாம். இப்போது எழுப்பினால் தின்ன என்ன இருக்கிறது? இரை தேடி அலைந்தே செத்துப்போகும்."

திருவேங்கடம் பொந்துக்குள் உற்றுப் பார்த்தார். "சேர்த்துவைத்தது என்று ஒரு மணிகூட இல்லையே. எதைக்கொண்டு உயிரோடிருக்கின்றன?"

"பனிக்கு முன்னால் தின்றது உடம்பில் இருக்கிறது. ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் வசந்தம் வரைக்கும் அது போதும்."

"நடுவில் வெள்ளையாக இருப்பவை?"

"குஞ்சுகள்."

"இவற்றால் என்ன செய்ய முடியும்?"

"ஒன்றும் முடியாது. நடுவில் கிடக்க முடியும்."

குரு தன் கையிலிருந்த எறும்பைக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். திருவேங்கடம் இரண்டு பாதிகளையும் பொருத்திக் கயிற்றால் கட்டினார். ஈரமண்ணைப் பிசைந்து வெடிப்பை ஓரிடம் விடாமல் அடைத்தார். கொட்டகையில் காற்றுப் படாத மூலையில் கட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். விரல்கள் விறைத்திருந்தன. முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கும் எனக்கு ஜபம் வராது அம்மா."

"தெரியும்."

"தை பிறந்தாலும் வருமா தெரியவில்லை."

"சரி."

"பிறகு வழிபாட்டுக்கு வந்து நான் என்ன செய்யட்டும்?"

குரு கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கதவோரம் குளிரும் ஐயா. எங்களுக்கு நடுவில் வந்து உட்காருங்கள்."