திறக்கக் கூடாத கத்தி

எந்த ஆண்டு என்று கேட்டால் எனக்குத் தெரியாது; முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்வோம். மாறவேள் என்றொரு மன்னர் இருந்தார். அவருக்கு மடக்குக் கத்தி என்றால் உயிர். கொம்புப் பிடி, தந்தப் பிடி, கருங்காலிப் பிடி என்று முந்நூற்றுப் பன்னிரண்டு கத்திகள் சேர்த்திருந்தார்.

சேர்த்தாரே தவிர நிம்மதி இல்லை. ஒன்றைத் திறந்தால் நகம் உடைந்தது. இன்னொன்றில் அலகு ஆடியது. வேறொன்றில் அலகு சாய்ந்து பிடியை உரசியது. மிகப் பழையது என்று வாங்கிய ஒன்றின் துரு விரலோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தால் துரு அல்ல, பூசிவிட்ட காவிக்கல் பொடி.

கத்திகளைக் காக்கும் அதிகாரி சேதிராயர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். "திறந்த கத்திக்குப் பாதி மதிப்பு, அரசே. எதையாவது நறுக்கிய கத்திக்கு மதிப்பே இல்லை." அதனால் அத்தனை கத்திகளுக்கு நடுவே உட்கார்ந்து, மன்னர் மாம்பழத்தைப் பல்லால் கடித்துத் தின்றார்.

அந்த மாம்பழம் அவையின் விகடன் வெண்காடனுடைய தோப்பில் பழுத்தது. காய்ச்சலில் கிடந்தபோது தன்னைச் சிரிக்க வைத்ததற்காக மன்னர் அவனுக்குக் கொடுத்த தோப்பு அது. அன்றிலிருந்து சேதிராயருக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அவர் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு கத்தியை நீட்டினார்.

"நூறு வருடக் கத்தி. செய்த நாளிலிருந்து ஒருவரும் திறந்ததில்லை."

மன்னர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியின் பிளவில் அலகின் முதுகு மட்டும் மின்னியது.

"உள்ளே அலகு எப்படி இருக்கும்?"

"நினைத்துப் பார்த்து மகிழ வேண்டியதுதான், அரசே."

"விலை?"

"பணம் வேண்டாம். வெண்காடனின் மாந்தோப்பு போதும்."

மன்னருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் கத்தியைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

"வெண்காடா, நாளைக்குள் இந்த அலகு நல்லதா என்று திறக்காமலே கண்டு சொல். சொன்னால் தோப்பு உனக்கே. இல்லையேல் அவருக்கு."

"உத்தரவு, மன்னா" என்றான் வெண்காடன். மறுநாள் காலை பனங்கயிற்றின் ஒரு துண்டோடு வந்தான்.

"தோப்பைக் கொடுத்துவிடுகிறேன், மன்னா. வேலியைச் சுற்றி அடைத்து, வாசல் படலை இந்தக் கயிற்றால் கட்டிவிட்டேன். சேதிராயர் ஐயா மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். திறக்க மட்டும் கூடாது."

"என்ன உளறுகிறாய்?" என்றார் சேதிராயர்.

"தங்கள் வழக்கம்தானே ஐயா. படலைத் திறந்தால் தோப்புக்குப் பாதி மதிப்பு. பழத்தைத் தின்றால் மதிப்பே இல்லை. வெளியே நின்று, உள்ளே எத்தனை பழம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்து மகிழுங்கள்."

"அடப்பாவி! உள்ளே மரம் நிற்கிறதா, வெட்டிவிட்டாயா என்று நான் பார்க்க வேண்டாமா?"

"தாராளமாகப் பாருங்கள். நீங்கள் படலைத் திறக்கும்போது மன்னர் கத்தியைத் திறப்பார். கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?"

சேதிராயர் மன்னர் முன் பட்டுத் துணியில் இருந்த கத்தியைச் சட்டென்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "வேண்டாம்! கத்தியைத் திறக்க வேண்டாம். எனக்குத் தோப்பும் வேண்டாம்."

"திறக்காமலே சொல்லிவிட்டேன், மன்னா" என்றான் வெண்காடன். "அலகு நல்லதாக இருந்தால் இவர் இப்படிப் பதறுவாரா?"

மன்னர் கத்தியைப் பிடுங்கித் திறக்கப் பார்த்தார். கட்டை விரல் நகம் உடைந்தது. ஆள்காட்டி விரல் நகமும் உடைந்தது. வெண்காடன் ஒரு செப்புக்காசின் விளிம்பைக் கொடுத்து நெம்பச் சொன்னான். டக்கென்று திறந்தது.

உள்ளே ஒரு தகடு. முதுகு மட்டும் பளபளத்தது. வெட்டும் வாய் என்று ஒன்று தீட்டப்படவே இல்லை. வெண்ணெயைக்கூட நறுக்காது.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. கருங்காலிப் பிடிக் கத்தி ஒன்றை எடுத்துத் திறந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மாம்பழத்தை நறுக்கினார். சிறிது நேரத்தில் அலகில் சாறு பட்ட இடம் நீலமும் கறுப்புமாக மாறியது. அதை அவர் குழந்தை போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோப்பு உனக்கே, வெண்காடா. பிடித்த கத்தி ஒன்றையும் எடுத்துக்கொள்."

அவன் அலகு ஆடும் கத்தியை எடுத்தான்.

"ஏன் அது?"

"இது ஒன்றுதான் நகத்தைக் கேட்காமல் திறக்கிறது, மன்னா."

மீதிக் கத்திகள் ஒவ்வொன்றையும் திறந்து எண்ணெய் போடும் வேலையை மன்னர் சேதிராயருக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் சேதிராயர் அவைக்கு வந்தபோது, பத்து விரல்களையும் சால்வைக்குள் மறைத்திருந்தார்.